ஆடுவது சுவர்தான்

பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் "பூகம்பம்" என்று பெயர் விழுந்துவிட்டது. காரணம் கை. சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. பேனாவை எடுத்தாலோ தண்ணீர்க் குவளையைத் தூக்கினாலோ விரல்கள் தம் பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும். அவளுடைய அப்பாவுக்கும் இப்படித்தான். உயிருக்கு ஆபத்தில்லாத நடுக்கம், பரம்பரையாக வருவது, வயதாக ஆகக் கொஞ்சம் கூடும், பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் பழகிக்கொண்டாள். மற்றவர்கள்தான் பழகவில்லை.

கை நடுங்கினால் ஊருக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: பயந்துபோயிருக்கிறாள். ஒருமுறை குடித்துவிட்டு வந்த ஒருவன் கவுன்டர் கண்ணாடியை உடைத்தான். அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூணோடு சாய்த்துவிட்டாள். ஓடிவந்த போலீஸ்காரர் அவள் கையைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "பயப்படாதீங்கம்மா, உட்காருங்க, நாங்க வந்துட்டோம்ல" என்றார்.

"யாரு பயந்தா? பயந்தவன் காலர் என் கையில இருக்கு. முதல்ல அதை வாங்கிக்கிங்க."

இப்படி வாழ்நாள் முழுக்க, கோபம் வந்த நேரத்திலெல்லாம் ஆறுதல் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். அதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் கிடையாது.

ஓய்வு பெற்றபோது தனக்கென்று ஒரு பொருள் வாங்கினாள். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கேமரா. தொடுதிரை போன் அவளுக்கு ஒத்துவராது. ஒரு எண்ணைத் தொடப் போனால் விரல் பக்கத்து எண்ணையும் ஒரு தட்டுத் தட்டிவிடும். கேமராவில் பொத்தான் இருந்தது. அழுத்தினால் அழுந்தியது கைக்குத் தெரியும். ஆனால் கேமரா சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. பிடிக்க ஒரு மேடு கிடையாது. எடுத்த படமெல்லாம் கலங்கல். கடற்கரையில் எடுத்த ஒரு படத்தில் அவளுடைய தங்கைக்கு மூன்று மூக்கு. தங்கை அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "அக்கா எடுத்தது" என்று பெருமையடித்துக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லுகளை இழைக்கும் வேலை பார்த்தார். பிறர் கண்ணுக்கு உலகத்தைத் துல்லியமாக்கும் வேலை. சொந்த வீட்டில் மட்டும் எதையும் கொஞ்சம் மங்கலாக விட்டுவைப்பதே நல்லது என்பது அவர் கொள்கை. வம்புக்குப் போக மாட்டார். வம்பு வீடு தேடி வந்தாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

இரண்டாவது மாடியில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு. பழைய கட்டடம். பக்கத்து மனை காலியாகக் கிடந்த வரைக்கும் ஜன்னல் வழியே தூரத்திலிருக்கும் பெரிய தண்ணீர்த் தொட்டி வரை பார்வை போகும். பிறகு மனையைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். ஒரு காலையில் பெரிய இயந்திரம் ஒன்று உள்ளே நுழைந்தது. தூண் மாதிரியான கான்கிரீட் கம்பங்களை நிறுத்தி, மேலிருந்து சம்மட்டி போல் ஒரு எடையைப் போட்டு, ஒவ்வொன்றாக மண்ணுக்குள் அடித்து இறக்கினார்கள். கடகடவென்று அடுப்படிப் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. ஒவ்வொரு அடிக்கும் அலமாரிக் கதவு தானாகத் திறந்து எட்டிப் பார்த்தது. முன்னறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து மயிரிழை போல் கிளம்பிய விரிசல் சில நாளில் விரல் நகம் நுழையும் அளவுக்கு வாயைப் பிளந்தது. கீழ்வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டு, கீழ்வீட்டுக்காரர் தோளால் இடித்துத்தான் வெளியே வர வேண்டியிருந்தது.

அவள் கேமராவை எடுத்தாள். அடி விழும் நேரத்தில் விரிசலை வீடியோ எடுத்தாள். எடுத்த கையோடு தகர வேலிக்குள் போய், கொட்டகை போட்டிருந்த சைட் ஆபீசில் இன்ஜினியருக்கு முன்னால் நீட்டினாள். இன்ஜினியர் சின்ன வயதுதான். மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்று நாற்காலி போட்டான். வீடியோவை முழுக்கப் பார்த்தான். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்து, கேமராவை நீட்டிக்கொண்டிருந்த அவள் கையைப் பார்த்தான்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதுல சுவர் ஆடல. உங்க கைதான் ஆடுது."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தும்மினார்கள்.

"விரிசல் விட்டிருக்கே, அது என் கையால வந்ததா?"

"பழைய கட்டடம்மா. விரிசல் எப்பவுமே இருந்திருக்கும், நீங்க இப்பத்தான் கவனிக்கிறீங்க. நாங்க அடிக்கிற அடி உங்க வீடு வரைக்கும் வராது. பயப்படாதீங்க, வீட்டுல போய் ரெஸ்ட் எடுங்க."

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"ஏங்க, அவன் என்னைப் பார்த்து பயப்படாதீங்கன்னு சொல்றான்!"

"நல்ல பையன்தான் போல" என்றார் வீட்டுக்காரர்.

"நல்ல பையனா? வீடு ஆடுறதுக்கு என் கையைச் சாட்சிக்குக் கூப்பிடுறான்."

"விடேன். கட்டி முடிச்சா தானா நின்னுடும். விரிசலுக்குச் சிமென்ட் பூசிக்கலாம். எதுக்கு வீண் தகராறு?"

"நீங்க பூசுங்க. நான் ஒரு கை பார்க்கிறேன்."

மறுநாளே கேமராவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அதை வாங்கிய கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள். முப்பது வயது இருக்கும். கேமரா விற்பதோடு பழுதும் பார்ப்பாள். கழுத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி எப்போதும் தொங்கும். கேமரா ஆடாமல் இருக்க என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் காட்டு என்று கையை மேசைமேல் நீட்டிக் காட்டினாள் பூகம்பம். அந்தப் பெண் கையைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. "எந்தக் கைல அதிகம்மா? வலதா இடதா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலேயே பூகம்பத்துக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

முதலில், கேமரா முன்பக்கத்தில் ஒட்டுகிற ரப்பர் கிரிப். விரலுக்கு மேடு கிடைத்தது. வழுக்கவில்லை. ஆட்டமும் போகவில்லை. "இது கேமரா கீழே விழாம இருக்கத்தான்மா. நடுக்கத்துக்கு இல்ல." அடுத்தது துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு கைப்பிடி. மேலே கேமராவைத் திருகி மாட்டி, கீழே முழுக்கையாலும் இறுகப் பிடிக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் பாதி நடுக்கம் அடங்கியது. மீதிப் பாதி இருந்தது. அந்த மீதிப் பாதி போதும் இன்ஜினியருக்கு.

பிறகு அந்தப் பெண் கண்ணாடி அலமாரியைத் திறந்து கிம்பலை எடுத்தாள். கைப்பிடி, அதன் மேல் மூன்று சின்ன மோட்டார், அதற்கும் மேல் கேமரா உட்காரும் தட்டு. கை ஒரு பக்கம் சாய்ந்தால் மோட்டார் கேமராவை மறுபக்கம் திருப்பிச் சமன் செய்துவிடும். மாட்டிக் கையில் கொடுத்தாள். பூகம்பத்தின் கை கீழே தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மேலே கேமரா, தனக்கு இந்தக் கையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல் அசையாமல் நின்றது.

"அடியாத்தி" என்றாள் அவள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாருங்கம்மா. ஒத்துவந்தா வாங்குங்க. இல்லன்னா கீறல் இல்லாம திருப்பிக் கொடுங்க. ஒண்ணு மட்டும், கேமரா மூக்கை நீட்டி ஜூம் பண்ணாதீங்க, எடை மாறி மோட்டார் திணறும்."

அன்று மாலை அவள் வீட்டுக்காரரைப் படம் எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு மூக்குக்கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். அவர் புருவத்தில் நரைத்த முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தன் கையால் எடுத்த ஒன்று இப்படி நின்று நிதானமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

"நான் இவ்வளவு கிழவனா?" என்றார் அவர் எட்டிப் பார்த்து.

"சும்மா இருங்க. அழகா இருக்கீங்க."

மறுநாள் சம்மட்டி விழத் தொடங்கியதும் கிம்பலோடு விரிசலுக்கு எதிரே நின்றாள். காலுக்கடியில் தரை அதிர்ந்தது, பல்லில் தெரிந்தது. நன்றாக எடுத்து முடித்து, உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். திரையில் சுவர் தியானத்தில் இருந்தது. ஒரு அசைவு கிடையாது. இடி மாதிரிச் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் வேறு யார் வீட்டிலோ கேட்பது போல். அவள் கையின் ஆட்டத்தைத் தின்ற இயந்திரம் வீட்டின் ஆட்டத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

"பார்க்க நிம்மதியாத்தான் இருக்கு" என்றார் வீட்டுக்காரர். "பேசாம நாமளும் இதுக்குள்ள குடிபோயிடலாம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கையால் எடுத்தால் கை ஆடுகிறது என்பான். கருவியால் எடுத்தால் எதுவுமே ஆடவில்லை என்பான். இரண்டு பக்கமும் அவனுக்கே லாபம்.

கிம்பலைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தரையில் நிறுத்துகிற ட்ரைபாட் வாங்கி வந்தாள். கேமராவுக்குள்ளேயே ஒரு அசைவுத் தடுப்பு இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள் என்று கடைக்காரப் பெண் சொல்லிக் காட்டியிருந்தாள். அணைத்தாள். ட்ரைபாடைச் சுவருக்கு எதிரே நிறுத்தினாள். கேமராவைத் தொடாமல் தள்ளி நின்றாள். அடி விழுந்தது. ஓட்டிப் பார்த்தாள். திரையில் சுவர் அப்போதும் கிட்டத்தட்ட அசையாமலே நின்றது. ட்ரைபாட் நின்ற தரையும் அந்த வீட்டுத் தரைதானே! வீடு ஆடும்போது கேமராவும் கூடவே ஆடியது. ஒரே ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் யார் ஆடுவதும் தெரியாது.

மறுபடியும் கடை. கடைக்காரப் பெண் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டு வீடியோ எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அம்மா, இங்க வர்றவங்க எல்லாரும் ஆட்டத்தை நிறுத்தணும்னு வருவாங்க. நீங்க ஆட்டத்தைப் பிடிக்கணும்னு வந்திருக்கீங்க. இதுக்குன்னு யாரும் ஒண்ணும் செய்யல."

"அப்ப நாமதான் செய்யணும்."

"வீட்டைப் படம் எடுக்க வீட்டுக்கு வெளிய நின்னாத்தான் தெரியும்னு நினைக்கிறேன். வெளிய நின்னு எடுக்க முடியுமா?"

"வெளிய அவன் தகரம் அடிச்சு வச்சிருக்கான். தெருவுல நின்னா தெருவும்தான் அதிருது."

இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அந்தப் பெண் இழுப்பறையைக் கவிழ்த்து, தேவைப்படும் தேவைப்படாத உதிரிகளையெல்லாம் மேசைமேல் பரப்பினாள். அதில் ஒரு கிளாம்ப் இருந்தது. மேசை விளிம்பையோ கம்பியையோ கவ்விக்கொள்ளும் இரும்பு வாய், இறுக்க ஒரு திருகு, மேலே எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ள ஒரு உருண்டை. பூகம்பம் அதை எடுத்து மேசை விளிம்பில் மாட்டித் திருகினாள். நடுங்குகிற கையால் நுணுக்கமான காரியம்தான் கடினம். இறுக்குவது கடினமே இல்லை. மேசையையே தூக்கிப் பார்த்தாள். கிளாம்ப் விடவில்லை.

"இது போதும்" என்றாள்.

"இதுவும் வீட்டோட சேர்ந்துதானேம்மா ஆடும்?"

"ஆடட்டும். வீடு என்ன பண்ணுதோ அதையே இதுவும் பண்ணட்டும். என் கை மட்டும் இதுல இருக்கக் கூடாது."

அது எப்படி உதவும் என்று அவளுக்கே அப்போது தெரியாது. ஆனால் அந்தப் பிடி அவளுக்குப் பிடித்திருந்தது. மற்ற எல்லாக் கருவியும் அவள் கையைத் திருத்தப் பார்த்தன. இது கையைக் கேட்கவே இல்லை.

வீட்டில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பதித்திருந்த கல் அலமாரித் தட்டில் கிளாம்பைக் கவ்வவிட்டாள். விரிசலைப் பார்க்கும்படி கேமராவைத் திருப்ப முயன்றுகொண்டிருந்தபோது சம்மட்டி விழுந்தது. அந்த நேரம் கேமரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில், தூரத்துத் தண்ணீர்த் தொட்டி துள்ளியது. அவள் திருகிலிருந்து கையை எடுத்தாள். அடுத்த அடி. தொட்டி மறுபடியும் ஒரு துள்ளு. கொஞ்சம் ஜூம் செய்தாள். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற அவ்வளவு பெரிய கான்கிரீட் தொட்டி, அடிக்கு அடி கோழிக்குஞ்சு மாதிரி குதித்தது.

அவள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "என்ன, விழுந்துட்டியா?"

"தொட்டியைப் பாருங்க! தொட்டி ஆடுது!"

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் கண்ணாடி இழைத்தவர். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "அது ஆடல. நாமதான் ஆடுறோம்."

பிறகு அவரே ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அதுவும் படத்தில் விழட்டும் என்றார். திரைச்சீலையை அவிழ்த்தார். வம்புக்குப் போகாத மனிதர் அன்று ஜன்னல் கண்ணாடியைத் துடைத்த வேகத்தைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம்.

எல்லாம் தயாரானதும் அவள் வீடியோவை ஓடவிட்டு, தானும் போய்ச் சட்டகத்துக்குள் நின்றாள், ஜன்னலுக்குப் பக்கத்தில். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பின்னாலிருந்த வானத்தில் தெரியும்படி விரித்துப் பிடித்தாள். தூக்கிப் பிடித்தால் நடுக்கம் இன்னும் கூடும். கூடியது. அவள் இறக்கவில்லை. இத்தனை வருடம் மேசைக்கு அடியிலும் கைப்பைக்குப் பின்னாலும் மறைத்துப் பழகிய கைகள்.

"இது என் கை" என்றாள் கேமராவைப் பார்த்து. "ரெண்டும் இங்க இருக்கு. நல்லா ஆடுது, பார்த்துக்கிங்க. கேமராவை யாரும் தொடல. இப்ப அடிக்கப் போறாங்க."

அடித்தார்கள்.

குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து கொடுத்திருந்த புகாருக்கு நகராட்சியிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். குடையும் சளியுமாக வந்த மனிதர், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கீழ்வீட்டுக்காரர், "நான் பேசறேன்க்கா, நீங்க டென்ஷன் ஆயிடுவீங்க" என்றார். "நான் டென்ஷன் ஆகத்தான் வந்திருக்கேன்" என்று அவள் முன்னால் போய் நின்றாள். இன்ஜினியரும் மாடிக்கு வந்திருந்தான்.

"சார், போன தடவையே அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்களுக்குக் கையில கொஞ்சம் பிரச்சினை. வீடியோவை வச்சு நாம எதையும்..."

"என் கையில ஒரு பிரச்சினையும் இல்ல தம்பி. சுவர்லதான் இருக்கு. சார், நீங்க பாருங்க."

ஆய்வாளர் மூக்கைச் சிந்திவிட்டுக் கேமராவை வாங்கினார். திரையில் ஒரு பெண் கையைத் தூக்கி நின்று ஏதோ சொன்னாள். குவளைத் தண்ணீர் சிலிர்த்தது. தொட்டி குதித்தது. அவர் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார்.

"அலமாரி லூசா இருக்கலாம் சார்" என்றான் இன்ஜினியர்.

"லூசா? வா தம்பி, ஆட்டிப் பாரு. இல்லன்னா ஒண்ணு செய். தொட்டி ஆடுதுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போ. நான் தொட்டிக்காரங்ககிட்ட போய்ப் பேசிக்கிறேன்."

கீழ்வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. அலமாரித் தட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது கல். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஒரு அடி அடிக்கச் சொல்லுங்க" என்றார். இன்ஜினியர் போனில் சொன்னான். அடி விழுந்தது. ஆய்வாளர் கையைச் சட்டென்று எடுத்தார், சூடுபட்டது போல. விரலில் சுண்ணாம்புத் தூள்.

"அதிர்வு அளக்கிற கருவி வச்சிருக்கீங்களா?"

"ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார்."

"அது இங்க வர்ற வரைக்கும் அடிக்கிறது நிக்கட்டும்."

இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவனையும் முழுக்கக் குற்றம் சொல்வதற்கில்லை. படியிறங்கும்போது பின்தங்கி நின்று, தாழ்ந்த குரலில், "மேல இருக்கிறவங்க சீக்கிரம் முடிக்கச் சொல்றாங்கம்மா, எனக்கும் வேற வழியில்ல" என்றான்.

"அதை அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். என்கிட்ட வந்து என் கையைச் சொன்னே பாரு, அதுதான் தப்பு."

அவன் தலையாட்டினான். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது தெரிந்தது, வெளியே வரவில்லை. அவளும் அதை இழுத்து வெளியே எடுக்கவில்லை.

கருவி வந்தது, அளந்தார்கள். எண்கள் என்ன சொல்லின என்று குடியிருப்பில் யாருக்கும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் சம்மட்டி இயந்திரம் ஒரு லாரியில் ஏறிப் போனது. அதற்குப் பதில் மண்ணைக் குடைந்து கான்கிரீட் ஊற்றும் இயந்திரம் வந்தது. சத்தம் குறையவில்லை, வீடு ஆடுவது நின்றது. விரிசலைக் கம்பெனி ஆட்களே வந்து பூசினார்கள். வேறு நிறத்தில் பூசிவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டுக் கதவு இன்றுவரை கடைசி ஒரு விரல்கடை மூடாது. புதுக் கட்டடம் எழும்ப எழும்பத் தொட்டியும் மெல்ல மறைந்துபோனது. எல்லாவற்றிலும் ஜெயித்தாள் என்று சொல்ல முடியாது.

கடைக்காரப் பெண் கிம்பலை மறுபடி எடுத்துக் காட்டினாள், ஊர்சுற்றப் போகும்போது உதவுமே என்று. பூகம்பத்துக்கு ஆசை இருந்தது. வீட்டுக்காரரின் புருவம் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "இப்ப வேண்டாம்" என்றாள். "ஆசை வந்தா நானே வர்றேன். நடுக்கம் தெரியக் கூடாதுன்னு வாங்க மாட்டேன்." ரப்பர் கிரிப்பை மட்டும் வாங்கி ஒட்டிக்கொண்டாள். ஒட்டியது கோணல். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன மாதம், இரண்டு தெரு தள்ளி வேறொரு மனையில் சம்மட்டி இயந்திரம் வந்து நின்றது. அங்கே குடியிருக்கும் ஒரு தையல்காரப் பெண் இவளைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டு, தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினாள். சைட்டில் போய்க் கேட்டதற்குத் தையல் மெஷின் ஓட்டுவதால்தான் வீடு அதிர்கிறது என்று சொல்லிவிட்டார்களாம்.

பூகம்பம் கேமராவையும் கிளாம்பையும் பையில் போட்டாள். வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். தையல்காரியின் வீட்டில் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, அலமாரி எது, ஜன்னல் எந்தப் பக்கம், வெளியே தூரத்தில் ஆடாமல் நிற்பது என்ன இருக்கிறது என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு செங்கல் புகைபோக்கி தெரிந்தது.

"அது போதும்" என்றாள். "மெஷினை நிறுத்திட்டு, ரெண்டு கையையும் எனக்குத் தெரியற மாதிரி தூக்கிக்கிட்டு அங்க போய் நில்லுங்க."